மாதம் ஒரு மாலை

மொரப்பூரிலிருந்து தோழர்கள் நால்வர் நம்மைக் காண வந்திருந்தனர். ஒருவர் மூட்டை சுமப்பவர். ஒருவர் மோட்டார் பழுது பார்ப்பவர். ஒருவர் தேநீர்க்கடை வைத்திருப்பவர். நான்காமவர், பள்ளிப் படிப்போடு நின்று, வெளியூர் ஆலைக்கு நாள்தோறும் ரயிலேறிப் போய் வருபவர். கையில் ஒரு தாள். தாளில் ஒரு திட்டம்.

"மாதம் ஒரு மாலை, வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்து நம் ஊர் மக்களுக்கு அறிவு விருந்து வைக்கப் போகிறோம், அண்ணே! எப்படி நடத்தலாம் என்று சொல்ல வேண்டும்" என்றனர்.

மகிழ்ந்தோம். பாடுபட்டுக் களைத்த உடம்போடு, படிப்பைப் பற்றிக் கவலைப்பட நான்கு பேர் இருக்கிறார்கள் என்றால், அந்த ஊர் பாழ்பட்டுப் போகாது என்று பொருள். தாளை வாங்கிப் பார்த்தோம். செலவுக் கணக்கு எழுதியிருந்தார்கள். மேடை, ஒலிபெருக்கி, வண்ணப் பதாகை, ஆளுயர மாலை, சால்வை பன்னிரண்டு, நினைவுப் பரிசு... கடைசி வரியில், "பேச்சாளர் வழிச்செலவு."

"கேட்க வருகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு?" என்றோம்.

"நாற்காலி போட்டுவிடுவோம், அண்ணே!"

"அவர்கள் ஏதாவது கேட்க விரும்பினால்?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டனர். தாளில் அதற்கு வரி இல்லை!

மாதம் ஒரு மாலை என்கிறீர்களே, தோழர்களே, எந்த மாலை? ஒரு நாளின் உழைப்பு முடிந்து, உள்ளம் விழித்துக் கொள்கிற மாலைப் பொழுதா? அல்லது, பேச வந்தவர் கழுத்திலே விழுந்து, மறுநாள் குப்பையிலே கிடக்கிற மாலையா? தமிழிலே இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் முதல் மாலை கேட்பவனுக்கு உரியது; இரண்டாவது மாலை பேசுபவனுக்கு உரியது. இரண்டில் எது வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டால் மற்றவை தாமே சரியாகும். அதைத்தான் இன்று எழுதுகிறோம். மொரப்பூருக்கு மட்டுமல்ல, மன்றம் வைத்திருக்கும் ஒவ்வொரு ஊருக்கும்.

குற்றவாளி நாமே!

ஊருக்கு உபதேசம் செய்யப் புறப்படுமுன் நம் குற்றத்தை ஒப்புக் கொள்வதுதான் முறை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஊரிலே - பெயர் வேண்டாம் - இதுபோன்ற மாதக் கூட்டத்துக்கு நம்மை அழைத்திருந்தனர். போனோம். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை! ஒருவர் சால்வை போர்த்த, ஒருவர் அதைக் கழற்ற, மற்றொருவர் புதிதாகப் போர்த்த, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுக்க, முக்கால் மணி நேரம் பறந்தது. பிறகு நாம் எழுந்தோம். ஏதென்சு நகரிலே சாக்ரடீசு நஞ்சுண்டதைச் சொன்னோம். பிரான்சிலே பாஸ்டில் சிறை தகர்ந்ததைச் சொன்னோம். கைதட்டல்! உள்ளம் குளிர்ந்தது. ஒரு மணி நேரம் பேசி அமர்ந்தோம்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். ஆலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"அய்யா, ஒரு சந்தேகம்ங்க. எங்க கம்பெனியில சம்பளச் சீட்டு குடுக்கறதில்லைங்க. கேட்டா, நாளையில இருந்து வராதேங்கறாங்க. இதுக்குச் சட்டம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

தலைவர் கையை அமர்த்தினார். "தோழர், இப்போது நன்றியுரை. தனியாகப் பேசிக் கொள்ளலாம்!" அவர் உட்கார்ந்தார். நன்றியுரை நடந்தது. நமக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. தனியாகப் பேசவே இல்லை.

தலைவர்மீது பழி போட்டுவிட்டு நாம் தப்பித்துக் கொள்ளலாம். ஆனால் உண்மை என்ன? அந்தக் கேள்விக்கு விடை நமக்குத் தெரியாது! தலைவர் கையமர்த்தியபோது நாம் வருந்தவில்லை, தோழர்களே. நிம்மதிப் பெருமூச்சு விட்டோம்! சாக்ரடீசைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்த நமக்கு, சம்பளச் சீட்டைப் பற்றி ஒரு நிமிடம் பேசத் தெரியவில்லை. சாக்ரடீசு யார்? கேள்வி கேட்டதற்காகக் கொல்லப்பட்டவன்! அவனைப் புகழ்ந்து பேசிய அதே மேடையின் முன்னே, கேள்வி கேட்ட ஓர் உழைப்பாளியின் வாய் அடைக்கப்பட்டது. நாம் சால்வையோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

பிறகு புத்தகத்தைப் புரட்டினோம். சட்டம் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தையொட்டி வகுத்த விதிகளிலேயே சம்பளச் சீட்டு உண்டு. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலே, 50-ஆம் பிரிவு, ஒவ்வொரு முதலாளியும் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு வழங்க வேண்டும் என்கிறது. விடை கிடைத்தது. கேட்டவர் கிடைக்கவில்லை! அவர் பெயரைக்கூட எவரும் எழுதி வைக்கவில்லை. சால்வை போர்த்தியவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் பத்திரமாக இருந்தது.

அந்த மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இந்தக் கட்டுரை அந்தக் கடனுக்கு வட்டி.

தொண்டைமான் கொட்டிலும் கொல்லன் பட்டறையும்

மொரப்பூர்த் தோழர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்ட விரும்புகிறோம். வேறெங்கோ நடந்த கதை அல்ல. உங்கள் தகடூர்க் கதை. தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. கற்பனை மன்னனல்லன். 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையிலே கண்டெடுத்த கல்வெட்டு அவன் பெயரைச் சொல்கிறது.

அந்த அதியமான், தொண்டைமானிடம் தூது அனுப்பினான். யாரை? படைத் தலைவனையா? பட்டத்து இளவரசனையா? இல்லை, அவ்வையை! பாட்டிலே வல்ல ஒரு பெண்ணை! தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமைப்பட்டான். அவ்வை பார்த்தார். பிறகு சொன்ன கருத்து புறநானூற்றின் 95-ஆம் பாட்டிலே இருக்கிறது. இங்குள்ள ஆயுதங்கள் மாலை சூட்டப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவலுள்ள மனையிலே அழகாக இருக்கின்றன. எங்கள் அதியமானுடைய வேல்களோ, பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, எப்போதும் கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்றார். புகழ்ச்சி போன்ற இகழ்ச்சி! தொண்டைமானின் ஆயுதங்கள் போர்க்களமே காணாதவை என்பதை அவன் வீட்டிலேயே நின்று அவனிடமே சொல்லிவிட்டார்.

மாலை சூட்டிய ஆயுதம் அழகுக்கு. முனை முறிந்த ஆயுதம் போருக்கு! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தகடூரின் தூதர் சொல்லிவிட்டார். இன்று அதே தகடூர் மண்ணிலே, மொரப்பூரிலே, நீங்கள் கட்டப் போவது எது? தொண்டைமானின் கொட்டிலா? கொல்லனின் பட்டறையா?

பேச்சாளனும் ஓர் ஆயுதம்தான். அவனுக்கு மாலை சூட்டி, நெய் பூசி, மேடையிலே சாத்தி வைக்கலாம். அல்லது கேள்வி என்னும் சம்மட்டியால் அடித்து, அவன் கருத்து எங்கே உறுதி, எங்கே துரு என்று பார்க்கலாம். நல்ல பேச்சாளன் அந்த அடிக்கு அஞ்ச மாட்டான். அஞ்சுகிறவன் உங்கள் ஊருக்குத் தேவையில்லை.

எதை வைத்துக் கொண்டோம்? எதைத் தொலைத்தோம்?

நம் இயக்கம் பேச்சால் வளர்ந்தது என்பார்கள். பாதி உண்மை. கேட்டவர்கள் பேசியதால் வளர்ந்தது என்பது மீதி உண்மை.

1925 மே 2-ஆம் நாள் ஈரோட்டிலே 'குடிஅரசு' பிறந்தபோது, படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஊருக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர். அந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சூழ்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். முடிதிருத்தும் கடையிலே, தேநீர்க் கடைத் திண்ணையிலே, படிப்பக வாசலிலே அது நடக்கும். படித்து முடித்ததும் சண்டை! "அதெப்படி அப்படிச் சொல்லலாம்?" என்று ஒருவர், "சொன்னதிலே என்ன தவறு?" என்று மற்றவர். அந்தச் சண்டைதான் பள்ளிக்கூடம். பெரியார் மேடையிலே மணிக்கணக்கில் பேசுவார். முடிவில், நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள், உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் கொள்ளுங்கள் என்பார். எழுதி அனுப்பும் கேள்விகளுக்கு மேடையிலேயே விடை சொல்வார். எதிரி எழுதிய கேள்வியாக இருந்தாலும்!

1943-ஐ எண்ணிப் பாருங்கள். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்று நாடே கொதித்துக் கொண்டிருந்த நேரம். அறிஞர் அண்ணா என்ன செய்தார்? எதிர்க் கருத்தாளரைத் தூற்றிவிட்டுப் போனாரா? ஒரே மேடையில் அமர்ந்து வாதாடினார். பிப்ரவரியிலே சென்னைச் சட்டக் கல்லூரியில், சொல்லின் செல்வர் ரா.பி.சேதுப்பிள்ளையோடு. மார்ச்சிலே சேலத்தில், நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு. தலைவர் ஒருவர் நடுவிலே. ஒருவர் பேச, மற்றவர் காத்திருக்க, மாற்றுக் கருத்தை மரியாதையோடு மோதவிட்ட அந்த உரைகள் 'தீ பரவட்டும்' என்று நூலாயின. மொரப்பூர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல்தான். ஆகவே, உங்கள் மாவட்டத் தலைநகரிலே நடந்த வாதம் அது, தோழர்களே!

ஒலிபெருக்கியை வைத்துக் கொண்டோம், வாதத்தைத் தொலைத்தோம். மாலையை வைத்துக் கொண்டோம். மறுத்துக் கேட்பவனைத் தொலைத்தோம். எதிரியை மேடைக்கு அழைத்த இயக்கத்திலே இன்று நம் தோழன் எழுந்து கேட்டாலே, "உட்கார், நன்றியுரை!" என்கிறோம். இது வளர்ச்சியா?

பெரம்பூர் சபை செய்த அற்புதம்

"மாதம் ஒரு பேச்சு, இருபது பேர் கேட்பார்கள், அதனால் என்ன விளைந்துவிடும்?" என்று கேலி பேசுவோருக்கு ஒரு வரலாறு சொல்வோம்.

1918. சென்னையிலே பெரம்பூரை அடுத்து பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள். வெள்ளைக்கார முதலாளிகள். உண்ணப் போதிய நேரமில்லாமல், அடிக்கும் உதைக்கும் ஆளாகி, ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள். ஆலைப் பக்கத்திலே ஒரு சபை. பெயர், வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை! பெயரைக் கேட்டதும் நம் தோழர்கள் சிரிப்பார்கள். ஆம், பக்திச் சபைதான். செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இருவர் முன்னின்று நடத்தினர். வெளியிலிருந்து பேச்சாளர்களை அழைத்துத் தொழிலாளர்களுக்குச் சொற்பொழிவு நடத்துவது வழக்கம். மொரப்பூர்த் தோழர்கள் தாளில் எழுதி வந்தார்களே, ஏறத்தாழ அதே திட்டம்!

சபைக்கு வந்தவர்கள் ஆழ்வார் கதை கேட்டார்கள். கேட்டுவிட்டு, தங்கள் கதையையும் சொன்னார்கள். இன்று மேஸ்திரி அடித்தான், நேற்று கூலி பிடித்தான், உண்ண நேரம் போதவில்லை என்றார்கள். சபையை நடத்தியவர்கள், "அய்யா, இது பக்திச் சபை, நன்றியுரைக்கு நேரமாயிற்று" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டார்கள்! 1918 மார்ச் 2-ஆம் நாள் திரு.வி.க.வை அழைத்துத் தொழிலாளர் நிலை பற்றிப் பேச வைத்தார்கள். அடுத்து, பி.பி.வாடியாவிடம் போனார்கள். ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவிலே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாளர் போற்றுவது அதைத்தான்.

பக்திச் சபை பெற்றெடுத்த பிள்ளை தொழிற்சங்கம்! காரணம் பக்தியா? இல்லை. காது! கேட்கிறவன் வாய் திறந்தபோது, நடத்துகிறவன் காது திறந்திருந்தது.

நம் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே நாமம் போட்டவர்கள் தொழிலாளியின் குறையைக் கேட்டார்கள், சங்கம் பிறந்தது. இங்கே பகுத்தறிவு பேசும் நாம் சம்பளச் சீட்டுக் கேள்வியை அமர்த்தினோம்; ஒன்றும் பிறக்கவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறோம்.

இன்னும் ஒரு காட்சி. கடல் கடந்த காட்சி. இலண்டனிலே ஒரு கொல்லன் மகன். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. புத்தகம் கட்டும் கடையிலே வேலை பழகும் பையன். ஊரிலே ஒருவர் தம் வீட்டில் அறிவியல் சொற்பொழிவு நடத்தி வந்தார். கட்டணம் ஒரு ஷில்லிங். பையனிடம் காசில்லை. கொல்லுத் தொழில் செய்த அண்ணன் கொடுத்தான். 1812-இல், கடைக்கு வந்து போன ஒருவர் கொடுத்த சீட்டைக் கொண்டு, புகழ் பெற்ற அறிவியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டான். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. கேட்டதை எழுதினான், படம் வரைந்தான், தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கே அனுப்பினான். மறு ஆண்டு டேவியின் உதவியாளனானான். அவன்தான் மைக்கேல் ஃபாரடே. 1831-இல் அவன் கண்ட காந்த மின் தூண்டல் தத்துவத்தில்தான் மொரப்பூர்க் கிணற்றடி மோட்டார் இன்று ஓடுகிறது! மோட்டார் பழுது பார்க்கும் தோழரே, நீங்கள் சுற்றுகிற ஒவ்வொரு செம்புக் கம்பியிலும், சொற்பொழிவு கேட்கப் போன ஒரு கொல்லன் மகன் இருக்கிறான்.

கிளைப் பாதை

மொரப்பூரைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் போகும் பெரிய ரயில் பாதையிலே உள்ள நிலையம் அது. 1906-இல் அங்கிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதை போட்டார்கள். 1913-இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்சத்தில் மக்கள் மடியாமல் இருக்கப் போட்ட பாதை. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல் மூடினார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். அந்தப் பாதை மீண்டும் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் தலைமுறைகள் நரைத்தன. 2019-இல்தான் மொரப்பூர் - தருமபுரி புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

அறிவும் அப்படித்தான் ஓடிக் கொண்டிருக்கிறது. பெரிய பாதையிலே, சென்னைக்கும் கோவைக்கும், பல்கலைக் கழகங்களுக்கும் பெரிய நூலகங்களுக்கும்! மொரப்பூர் வழியாகத்தான் போகிறது, மொரப்பூரில் இறங்குவதில்லை. மாதம் ஒரு மாலை நீங்கள் கூடுவது, அந்தப் பெரிய பாதையிலிருந்து உங்கள் தெருவுக்குப் போடும் கிளைப் பாதை. இதற்கு அடிக்கல் நாட்ட எந்த அமைச்சரும் வர வேண்டியதில்லை.

அந்தப் பாதையில் என்ன சரக்கு வர வேண்டும்? ஏதென்சும் பாஸ்டிலும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் வண்டியிலே உங்கள் சரக்கு வரட்டும்.

ஒரு மாதம், சம்பளச் சீட்டு, சேமநிதி, விபத்து இழப்பீடு. தொழிற்சங்கத் தோழரையோ, வழக்கறிஞரையோ அழையுங்கள்.

ஒரு மாதம், தண்ணீர். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரிலே ஃப்ளூரைடு மிகுதி என்பதைப் பிள்ளைகளின் பற்களிலே பார்க்கிறோம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பல்லைக் கறையாக்கும். மேலும் மிகுந்தால் எலும்பை வளைக்கும். அதற்காகத்தான் 2008 பிப்ரவரியில் கலைஞர் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். 2013-இல் அது செயலுக்கு வந்தது. காவிரி நீர் எந்தத் தெருவுக்கு வருகிறது, எந்தத் தெரு இன்னும் ஆழ்துளைக் கிணற்றை நம்புகிறது? பொறியாளரை அழையுங்கள். புகழ்வதற்காக அல்ல, கேட்பதற்காக!

ஒரு மாதம், வாச்சாத்தி. பேச்சாளரைச் சென்னையிலே தேட வேண்டாம். அரூர்ப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1992 ஜூன் 20-இல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல் துறையும் வருவாய்த் துறையும் புகுந்து சூறையாடிய மலைவாழ் மக்களின் சிற்றூர். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29-இல், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல், அதே செப்டம்பர் 29-இல், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோராண்டுப் போராட்டம்! அந்தப் போரில் தோள் கொடுத்தவர்கள் நம் கட்சிக்காரர்கள் அல்லவே என்று எவரேனும் தயங்கினால், அவருக்குச் சொல்வோம்: அறிவுக்குக் கட்சிச் சீட்டு கிடையாது. எழுத்தறியாத ஒரு மூதாட்டி, நீதிமன்றப் படியேறிய கதையைச் சொல்ல முன்வந்தால், அவரைவிடப் பெரிய பேச்சாளர் இந்த நாட்டில் இல்லை.

ஒரு மாதம் - இதைத் தவிர்க்கத்தான் பலரும் விரும்புவார்கள், ஆகவே அழுத்திச் சொல்கிறோம் - சாதி! 2012 நவம்பர் 7-இல், ஒரு காதல் மணத்தைக் காரணம் காட்டி, இதே மாவட்டத்திலே தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகள் மூன்று தீக்கிரையாயின. நத்தம், கொண்டம்பட்டி, மூன்றாவதன் பெயர் என்ன தெரியுமா? அண்ணா நகர்! சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் இயற்றிய அண்ணாவின் பெயர் தாங்கிய தெரு, திருமணத்தின் பெயரால் எரிந்தது. அன்று தீ வைத்த கைகளில் எத்தனை கைகள், ஏதோ ஒரு மேடையின் முன்னே கைதட்டிய கைகள்? எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது. கைதட்ட மட்டும் பழக்கினோம். கருத்தோடு மல்லுக்கட்டப் பழக்கவில்லை. ஊர்த் தெருவும் சேரித் தெருவும் மாதம் ஒரு மாலை ஒரே பாயில் உட்கார்ந்து, முகம் பார்த்து வாதாடியிருந்தால், அந்த நவம்பர் இரவிலே தீப்பந்தத்தைத் தடுக்கும் கைகள் சிலவாவது இருந்திருக்கும் என்று நம்புகிறோம்.

எப்படி நடத்துவது?

வழி கேட்டீர்கள், சொல்கிறோம்.

மாலை இல்லை, சால்வை இல்லை, பதாகை இல்லை. அந்தப் பணத்திற்குப் புத்தகம் வாங்குங்கள்.

மேடை வேண்டாம். வட்டமாக உட்காருங்கள். வட்டத்திலே கடைசி வரிசை கிடையாது! இடத்துக்கு அலைய வேண்டாம். 1948-இல், விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்தது நம் மாகாணம். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற ஏற்பாடும் உண்டு. உரிமையோடு போய்க் கேளுங்கள். இல்லையென்றால் தேநீர்க்கடைத் தோழரின் திண்ணை இருக்கிறது.

பேச்சு முக்கால் மணி. கேள்வி ஒரு மணி. முதல் கேள்வி, இதுவரை வாய் திறக்காதவருக்கு. இரண்டாவது கேள்வி, ஒரு பெண்ணுக்கு. பெண்கள் வர முடியாத நேரத்திலே கூட்டம் வைத்துவிட்டு, "அவர்கள் வருவதில்லை" என்று புலம்பாதீர்கள். ஞாயிறு நான்கு மணிக்கு வையுங்கள். ஆண்கள் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு வரட்டும்.

ஒரு குறிப்பேடு வையுங்கள். யார் பேசினார் என்பதல்ல, யார் என்ன கேட்டார் என்பதை எழுதுங்கள். விடை தெரியாத கேள்விக்கு, "தெரியாது, அடுத்த மாதம் சொல்கிறேன்" என்று பேச்சாளர் சொல்லட்டும். அது அவமானமல்ல. அடுத்த மாதக் கூட்டம் அந்த விடையோடு தொடங்கட்டும்.

நம்மை மறுப்பவரையும் ஆண்டுக்கு ஓரிருமுறை அழையுங்கள். மரியாதையாக நடத்துங்கள், விடாமல் கேளுங்கள்.

பேச்சாளர் வழிச்செலவை ஒரு பணக்காரரிடம் வாங்காதீர்கள். வாங்கினால், அடுத்த மாதம் பேச்சாளரை அவர் தேர்ந்தெடுப்பார். அதற்கடுத்த மாதம், கேள்வியையும் அவரே தேர்ந்தெடுப்பார்! ஆளுக்குப் பத்து ரூபாய் போடுங்கள். காசு போட்டவன் கேள்வி கேட்கத் தயங்க மாட்டான்.

"எல்லாம் கைப்பேசியிலே இருக்கிறதே, அண்ணே! அரை நிமிடத்தில் உலகமே வருகிறதே!" என்றார் ஆலைத் தோழர். வருகிறது, தம்பி, உண்மையும் வருகிறது, பொய்யும் வருகிறது, இரண்டும் ஒரே சட்டை போட்டுக் கொண்டு வருகின்றன. சட்டம் என்ன என்று கைப்பேசி சொல்லும். ஆனால், "எனக்கும் சம்பளச் சீட்டு இல்லை" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சொல்லும்போது உன் முதுகெலும்பு நிமிர்கிறதே, அந்த நிமிர்வைக் கைப்பேசி தராது. தனியாகத் தெரிந்து கொண்டவன் தனியாகவே அஞ்சுவான். கூடித் தெரிந்து கொண்டவர்கள் கூடி எழுவார்கள். பெரம்பூரின் பாடம் அதுதான்.

"பெரிய பெயர் இல்லாவிட்டால் கூட்டம் சேராதே?" என்றார் தேநீர்க்கடைத் தோழர். சேர வேண்டாம்! கூட்டம் சேர்க்கத் தேர்தல் மேடை இருக்கிறது. இருபது பேர் போதும். அந்த இருபது பேரும் கேட்கத் தெரிந்தவர்களாக இருந்தால், நாளை எந்தத் தலைவரும் மொரப்பூர் மேடையில் ஏறுமுன் இரண்டு முறை யோசிப்பார். நம் கழகத் தலைவர்களும் சேர்த்துத்தான் சொல்கிறோம். யோசித்துப் பேசும் தலைவர்களே கழகத்துக்கு வலிமை. யோசிக்க வைக்கும் தொண்டர்களே அந்தத் தலைவர்களை ஆக்குபவர்கள்.

நால்வரும் தாளை எடுத்தார்கள். மேடை, பதாகை, மாலை, சால்வை என்று ஒவ்வொன்றாக அடித்தார்கள். மூட்டை சுமக்கும் தோழர், அதுவரை பேசாதவர், எழுதுகோலை வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "குறிப்பேடு ஒன்று."

பிறகு நம்மைப் பார்த்து, "அண்ணே, மொத மாசம் நீங்களே வர்றீங்களா? சம்பளச் சீட்டு பத்திப் பேசணும்" என்றார்.

வருகிறோம், தோழரே! ரயிலிலே வருகிறோம். நிலையத்திலே மாலையோடு நிற்காதீர்கள். கேள்வியோடு நில்லுங்கள். இம்முறை திரும்பும் வண்டிக்கு அவசரப்பட மாட்டோம். கடைசிக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டுத்தான் எழுவோம். தெரியாவிட்டால், தெரியாது என்று ஒப்புக் கொண்டு, அடுத்த மாதம் விடையோடு வருவோம். பெயர் தெரியாமல் போன அந்த ஆலைத் தோழருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.

கழுத்துக்கு மாலை வேண்டாம். கருத்துக்கு ஒரு மாலை தாருங்கள்!